முனை கடித்த ஸ்லோய்கா

யெசிக்,
அக்டோபர் கடைசி வெள்ளி

என் குதிரைக்குட்டி கம்ஷாத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆடுமாடும் உயிர்களும் சுகமா என்று கேட்டுத்தான் நாம் எதையும் தொடங்குவோம், கொரியாவில் உனக்கு ஏது ஆடுமாடு, ஆகையால் உடம்பு சுகமா, அறையில் சூடு ஒழுங்காக வருகிறதா, நாள் முழுக்க நின்று வேலை செய்து கால் வீங்குகிறது என்றாயே அது வடிந்ததா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் பாதி சுகம். அம்மா சுகம், பூனை சுகம், முற்றத்து ஆப்பிள் மரம் தேவைக்கு மேலே சுகம், கிளை ஒடியக் காய்த்துக் கொட்டுகிறது, குனிந்து பொறுக்க ஆளில்லை. மீதிப் பாதி நான். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேன், இந்தா அம்மாகிட்ட பேசு என்று கொடுத்துவிடுகிறேன், அது உனக்கும் சலித்திருக்கும். என்ன செய்ய, முப்பத்தொரு வருஷம் ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து பஸ் ஓட்டியவன், இறங்கின பிறகும் பேச வரவில்லை. பக்கத்து வீட்டு லூதா த்சோய் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாள், மகனைப் பார்க்க அங்கேதான் வருகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தை அவசரப்பட்டுப் பிரிக்காதே, முதலில் கடிதத்தைப் படித்து முடி.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் பதினோராம் தேதி அல்மாத்தியில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். வால்வு ஒன்று தேய்ந்துபோயிற்றாம். டாக்டர் படமெல்லாம் போட்டு விளக்கினார், எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், எஞ்சினைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கோடையிலிருந்தே மூச்சு வாங்குகிறது, வாசலிலிருந்து மரம்வரை நடந்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பார்க்கிறவர்கள் மரத்தோடு ரகசியம் பேசுகிறேன் என்று நினைப்பார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன் நான், சொல்லியே ஆகவேண்டும் என்றாள் உன் அம்மா, ஒரு மாதம் அந்தச் சண்டை ஓடிற்று, வழக்கம்போல அவள் ஜெயித்தாள். இதைப் படித்துவிட்டுப் பதறாதே. உன் விசாக் காகிதம் தீர்ந்து நாலு வருஷம் ஆகிறது, அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் மேஜைமேல் இரண்டு கோப்பை இருந்தது. இரண்டாவது யாருடையது என்று நான் கேட்கவில்லை, அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். ஆகையால் வா என்று நான் எழுதமாட்டேன். வராதே என்று எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன தடவை நீ அம்மாவிடம் கேட்டாயாம், அப்பா எப்படி அந்த ஆப்பிள் ஸ்லோய்கா பண்ணுகிறார், எனக்கும் இங்கே சின்ன ஓவன் இருக்கிறது என்று. அம்மாவுக்கு அது தெரியாது, அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பிள்ளைக்கு மாவு பிசைந்து வீட்டுக்கு வந்தால் மாவைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காது, அதனால்தானே ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலத் தேநீருக்கு நான் இதைப் பிடித்துக்கொண்டேன். கேட்டுக்கொள். மாவு பிசையும் வேலையே வேண்டாம், கடையில் உறைய வைத்து விற்கும் அடுக்கு மாவு வாங்கு, ஈஸ்ட் இல்லாதது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேஜைமேல் வை, இளகட்டும், ஆனால் தொளதொளவென்று ஆகும்வரை விட்டால் அடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு எழும்பாது, விரலால் மடித்தால் ஒடியாமல் மடியவேண்டும், அது போதும். அதற்குள் ஆப்பிளைப் பார். நம் வீட்டு அபோர்த் ஆப்பிள் வாசனைக்குத்தான், தனியாகப் போட்டால் கூழாகிவிடும், பாதிக்குப் பாதி புளிப்பு ஆப்பிள் சேர்க்கவேண்டும், உனக்கு அங்கே என்ன கிடைக்குமோ அதில் கெட்டியானதாக வாங்கு. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வாணலியில் கொஞ்சம் வெண்ணெய் விட்டுப் போடு, சர்க்கரை உன் நாக்குக்குத் தகுந்தபடி, ஒரு சிட்டிகை பட்டைத்தூள். தண்ணீர் விட்டுக்கொண்டு வரும்போது ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு மாவைத் தூவிக் கிளறு, இதை விட்டாயானால் சாறு வெளியே ஓடித் தட்டெல்லாம் கருகும், நான் முதல் தடவை விட்டேன், உன் அம்மா தட்டைச் சுரண்டிக்கொண்டே என் பரம்பரையையும் சுரண்டினாள். நன்றாக ஆறவிடு, சூடாக வைத்தால் மாவு அழுதுவிடும். மாவை உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு ஸ்பூன் வைத்து, மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்து. முன்னெல்லாம் நான் முக்கோணமாக மடிப்பேன், உனக்கு நினைவிருக்கும். முக்கோணத்தில் முனையெல்லாம் வெறும் மாவு, ஆப்பிள் நடுவிலேயே நின்றுவிடுகிறது, அதனால் மூணு வருஷமாக நீளவாட்டில் மடித்து மேலே மூன்று கீறல் போடுகிறேன். இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும். முட்டையை அடித்து மேலே தடவி, நன்றாகச் சூடேறின ஓவனில் வை, எவ்வளவு நேரம் என்றால் நான் இங்கிருந்து வண்டியை எடுத்துத் தல்கர் நிறுத்தத்தில் கதவைத் திறக்கும் நேரம், உனக்குக் கணக்கு வேண்டுமானால் இருபத்தைந்து நிமிஷம். பொடித்த சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டுக் குழை, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்கவேண்டும். ஸ்லோய்கா வெதுவெதுப்பாக இருக்கும்போது அதை ஊற்று, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உருகி உள்ளே போய்விடும், பூச்சு நிற்காது. பூச்சு ஒன்று நின்றுவிட்டால் போதும், உள்ளே என்ன குறை இருந்தாலும் வெளியே தெரியாது. இது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் சரியாக விளங்கிற்று.

நீ கிளம்பின காலை நினைவிருக்கிறதா. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம், ரொட்டி சுட ஆளில்லை, கடைக்குப் போகவும் ஆளில்லை. டாக்ஸி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது, அப்போதுதான் உன் குல்பாஷ் அத்தை கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், வந்ததும் வராததுமாகக் கேட்டது ஒரே கேள்வி, ரொட்டி கடித்தாளா என்று. எனக்கு உயிரே போயிற்று. தூரம் போகிறவர்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகாமல், மீதியைத் திரும்பி வந்து தின்ன வீட்டில் பத்திரப்படுத்தாமல், நம் வீட்டிலிருந்து யார் கிளம்பியிருக்கிறார்கள்? ராணுவத்துக்குப் போகும்போது நான் கடித்த ரொட்டி இரண்டு வருஷம் கூரையடியில் துணியில் தொங்கியது, வந்து கல் மாதிரி இருந்ததைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். உன் நாளில் வீட்டில் ஒரு துண்டு ரொட்டி இல்லை. வழிக்கு என்று நான் விடியற்காலையில் சுட்ட ஸ்லோய்காதான் உன் பையில் இருந்தது, அதில் ஒன்றை உருவி நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டு ஒரு முனையைக் கடித்தாய், உதட்டில் வெள்ளையாகச் சர்க்கரை ஒட்டிக்கொண்டது, அதைத் துடைக்காமலே வண்டியில் ஏறினாய். டாக்ஸி திரும்பும் முன்னாலேயே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டா, இனிப்பைக் கடிக்க வச்சு அனுப்புறியே, இவ இனிப்பு இருக்கிற ஊர்லயே ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், அவள் வாய் உனக்குத் தெரியாததா. ஆனால் ஒரு வருஷம் என்று போனாய், இரண்டாயிற்று, மூன்றாயிற்று, அந்தப் பேச்சு எனக்குள்ளே முள்ளாக உட்கார்ந்துகொண்டது. என் கைதானே அதை நீட்டியது.

ரொட்டியானால் காய்ந்து நிற்கும், ஆப்பிள் வைத்தது நாலே நாளில் பூசணம் பிடிக்கும். அதனால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரின் அடியில் வைத்தேன். உன் அம்மா சிரித்தாள், மகள் திரும்பி வரும்வரை கரண்ட் போகாமல் இருக்க நீயே மின்சார இலாகாவுக்குப் போய் உட்கார் என்றாள். கரண்ட் போன நாளெல்லாம் நான் வாளியில் பனியை அள்ளி வந்து அதன்மேல் கொட்டினேன், அப்போது அவள் சிரிக்கவில்லை. ஐந்து குளிர்காலம் அப்படிக் காத்தேன், இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா.

இப்போது போன ஞாயிறு நடந்தது. ஆபரேஷன் சேதி எப்படியோ ஊருக்குள் பரவி, சொல்லாமல் கொள்ளாமல் உடம்பு விசாரிக்க ஒன்பது பேர் வந்துவிட்டார்கள், அத்தைதான் தலைமை. எனக்கு எழுந்து உட்காரவே ஆயாசமாக இருந்தது. நின்று சுடத் தெம்பில்லாததால் ஒரு நல்ல நாளில் நிறைய சுட்டு ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்தேன், அம்மா அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பையையெல்லாம் எடுத்துச் சூடு பண்ணி, எல்லாவற்றின்மேலும் சர்க்கரைப் பூச்சை ஊற்றி, பெரிய தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். தேநீர் ஓடுகிறது, பேச்சு ஓடுகிறது, யாருக்கு எப்போது என்ன ஆபரேஷன் நடந்தது, யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்று என் முன்னாலேயே பட்டியல் போடுகிறார்கள், ஆறுதல் சொல்ல வந்தவர்கள். அத்தை புதுப் பல் கட்டியிருக்கிறாள், அதைக் காட்டுவதற்கென்றே எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிறாள். திடீரென்று என்ன துலேகென், மாவு பத்தலையா, இதுக்கு ஒரு முனையே காணோம், உள்ளே ஐஸ் வாசனை வேற என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். தட்டில் இருந்ததெல்லாம் நீளம். அவள் கையில் இருந்தது முக்கோணம், கடைசித் துண்டு, முள்கரண்டித் தடம் மட்டும் மிச்சம்.

என் முகத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் புரிந்தது, கையில் இருந்த தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அண்ணி, அது கம்ஷாத்தோடது என்றாள். அத்தை கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள், கீழே வைக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, தின்கிற பொருளை எறியலாமா, கடைசியில் அழுதுகொண்டே அதையும் வாயில் போட்டு மென்றாள். சொன்னதும் நானே, தின்னதும் நானே என்று அவளாகவே புலம்பினாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஐந்து வருஷம் பேசாமல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. "என் மகளை வர விடாம பண்ணினதும் அந்த வாய்தான், இப்ப அவ திரும்பி வர்ற வழியைத் தின்னதும் அதே வாய்தான்" என்று சொல்லிவிட்டேன், ஒன்பது பேர் முன்னால், என்னைவிட ஒன்பது வயசு மூத்தவளை, அம்மா இல்லாத வீட்டில் என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவளை. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள். கிளம்புகிற விருந்தாளியிடம் வழக்கமாகச் சொல்வதுபோல, ரொட்டியில் வாய் வைத்துவிட்டுப் போ என்று சொல்லக்கூட யாருக்கும் நா எழவில்லை, அவள்தான் ஏற்கெனவே வைத்துவிட்டாளே.

நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நெஞ்சு வலியா, இது வேறு வலியா என்று எனக்கே தெரியவில்லை. நீ இனி வரமாட்டாய் என்று முடிவு பண்ணிவிட்டேன், ஒரு மாவுத் துண்டுக்காக இப்படியா என்று உனக்குத் தோன்றும், பஸ்ஸில் இருந்த எல்லா மீட்டரும் பொய் சொன்னபோதுகூட நான் சத்தத்தைக் கேட்டு ஓட்டியவன், இப்படியெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே இருந்தது. அது இருக்கிறவரைக்கும் நீ பாதி வழியில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று மத்தியானம் அத்தை வந்தாள். தனியாக, இரண்டு பஸ் மாறி, மடியில் துணி சுற்றின ஒரு ரொட்டியோடு. வெறும் ரொட்டி, மாவும் உப்பும் தண்ணீரும், இரும்புச் சட்டியில் சுட்டது, இன்னும் சூடாகவே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன், அவள் கேட்கிற நிலையில் இல்லை. கடி என்றாள். கம்ஷாத் போய் அஞ்சு வருஷமாச்சு, அவளுக்காக நான் கடிச்சா கணக்காகுமா அக்கா என்று கேட்டேன். அவள் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவளுக்குன்னு யாருடா சொன்னா? போறவன் நீதானேடா" என்றாள்.

கம்ஷாத், அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை, ஆபரேஷனுக்குப் பை கட்டி வைத்திருக்கிறேன், செருப்புக்கூட வாங்கி வைத்திருக்கிறேன், ஆனாலும் இந்த வீட்டிலிருந்து போகிறவன் நான் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், நீ தூரத்தில் இருப்பதால் சொல்ல முடிகிறது போலும். அம்மா ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், நான் ஒரு ஓரத்தைக் கடித்தேன். அத்தை புதுப் பல்லைக் காட்டிச் சிரித்து, இந்தத் தடவையாவது சர்க்கரை பூசாமல் வையுங்கள் என்றாள். பிறகு தேநீர் குடித்தாள், மூன்று கோப்பை, அவள் சமாதானமாகிவிட்டாள் என்று அதில்தான் தெரிந்தது.

அம்மா அந்த ரொட்டியைத் துணியில் கட்டி அலமாரிமேல் வைக்கப் போனாள். வேண்டாம் என்றேன். வீட்டில் வைப்பதுதானே முறை என்று இரண்டு பேரும் என்னோடு மல்லுக்கு நின்றார்கள். முறை எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷம் ஒரு கடித்த துண்டைக் காத்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியும், காக்கிற கைதான் வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இத்தனை நாள் நான் பார்த்தேன், இனி நீ பார். லூதாவின் பையில் இருக்கும் பொட்டலம் அதுதான். ஒரு ஓரத்தில் என் பல் பட்டிருக்கிறது, கீழ்வரிசையில் ஒன்று இல்லாததால் தடம் கொஞ்சம் கோணல், யாருடையது என்று உனக்குச் சந்தேகம் வராது.

ஃப்ரீசரில் வைக்காதே. காற்றாடும் இடத்தில், எட்டாத உயரத்தில், துணியில் கட்டித் தொங்கவிடு, கல்லாகட்டும், பரவாயில்லை. விருந்தாளி வந்தால் தட்டில் அடுக்கிவிடாதே, இரண்டாவது கோப்பைக்காரனிடமும் முதலிலேயே சொல்லி வை, பசிக்குது என்று அவன் எடுத்துவிடப் போகிறான். கடித்தவன்தான் மீதியைத் தின்னவேண்டும். நான் பிழைத்து எழுந்தால் அதைத் தின்ன நான் அங்கே வரவேண்டும், அல்லது நீ அதை எடுத்துக்கொண்டு இங்கே வரவேண்டும், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேரும் யோசிப்போம். பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேநீரில் நனைத்துத் தின்பேன்.

உன் பாதை வெள்ளையாக இருக்கட்டும், உன் தலை கல்லில் படாமல் இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் மேஜையில் கோப்பைகள் பெருகட்டும். உள்ளங்கை விரித்துச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன், நீயும் தடவிக்கொள். அம்மா உன் நெற்றியை முகர்ந்ததாக எழுதச் சொன்னாள். அத்தைமேல் கோபம் வைக்காதே, போனில் அவளிடமும் இரண்டு வார்த்தை பேசு, ரொட்டி நன்றாக இருந்தது என்று சொல். ஸ்லோய்கா சுட்டால் ஆப்பிளை ஆறவிட மறக்காதே, நீ அவசரக்காரி.

பதினோராம் தேதி காலை எட்டு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோவார்கள், அந்த நேரத்தில் ரொட்டி தொங்குகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்.

ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியை உன்னிடம் வைத்துப் போகும்
உன் அப்பா
துலேகென்